டெல்லியும் சென்னையும் ஒளித்துவைத்த ரேங்க் கார்டு

2011 ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கையில் பாடப்புத்தகம் இல்லை. புத்தகங்கள் அச்சாகி, கட்டுக்கட்டாகக் குடோன்களில் கிடந்தன. தி.மு.க. ஆட்சி 2010-இல் சட்டமாகக் கொண்டுவந்த சமச்சீர் கல்வியை, மே மாதம் பதவிக்கு வந்த அ.தி.மு.க. அரசு சட்டத்திருத்தம் போட்டு நிறுத்தியது. பெற்றோர்களும் கல்வியாளர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அங்கும் தோற்றது. ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்த பிறகே புத்தகங்கள் வகுப்பறைக்குப் போயின. முந்தைய ஆட்சியின் வாடை அடித்த பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுத்தார்கள்.

ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பள்ளிகளுக்கு ஒரே பாடத்திட்டம் என்பது சின்ன விஷயம் அல்ல. அதற்காகச் சண்டை போட்டதில் தவறில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு காகிதம் வந்தது. அதற்காக ஒரு ஆர்ப்பாட்டமோ, பொதுநல வழக்கோ நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பிசா தேர்வின் முடிவு அது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2000-ஆம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வை வைத்துவருகிறது. வாசிப்பு, கணிதம், அறிவியல் என்று மூன்று பகுதிகள். 2009 சுற்றில் சேரத் தாமதித்த பத்து நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் மறு ஆண்டு தனியாகத் தேர்வு வைத்தார்கள். இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் எழுதின: தமிழ்நாடு, இமாசலப் பிரதேசம்.

தமிழ்நாடு வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348 புள்ளிகள் எடுத்தது. முதலிடம் பிடித்த ஷாங்காய் அதே வரிசையில் 556, 600, 575. கலந்துகொண்ட எழுபத்துச் சொச்சம் நாடுகளிலும் பகுதிகளிலும் நமக்குக் கீழே இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று இமாசலம், இன்னொன்று கிர்கிஸ்தான்.

ரேங்க்கைக்கூட விட்டுவிடலாம். அந்த அறிக்கையில் என்னை உட்காரவைத்த எண் வேறு. பிசாவில் இரண்டாம் நிலை என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொண்டு சமாளிக்கத் தேவையான அடிப்படை அது. அந்தக் கோட்டைத் தொட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வாசிப்பில் 17 சதவீதம், கணிதத்தில் 15, அறிவியலில் 16. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரியோ வாசிப்பில் 81 சதவீதம். பத்தாம் வகுப்பு வாசலில் நிற்கும் ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அந்தக் காலத்திலும் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் எண்பது சதவீதத்துக்கு மேலேதான் இருந்தது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை யாருடையது? சென்னையும் செய்யவில்லை, டெல்லியும் செய்யவில்லை. மோசமான ரேங்க் கார்டை அப்பா கண்ணில் படாமல் பைக்குள் ஒளிக்கும் பையனைப் போல, இரண்டு அரசுகளும் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டன. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

நல்ல மாணவர்கள் என்று அனுப்பப்பட்டவர்கள்

தமிழ்நாட்டையும் இமாசலத்தையும் டெல்லி சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளிக் கல்வியில் நாட்டின் முன்வரிசை மாநிலங்கள் என்று பெயர் வாங்கியவை இரண்டும். மதிய உணவில் நாடே நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டுகளில் செயல்வழிக் கற்றலைப் பார்க்க வெளி மாநிலங்களிலிருந்து குழு குழுவாக வந்துபோனார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன முறை அது. (பிசா எழுதிய பிள்ளைகள் அது மாநிலம் முழுக்கப் பரவும் முன்பே தொடக்கப் பள்ளியைக் கடந்துவிட்டவர்கள், அந்தப் பழியைச் செயல்வழிக் கற்றல் மேலே போட முடியாது.) தேர்ந்தெடுத்து அனுப்பிய மாநிலங்களின் நிலையே இது என்றால் மற்ற மாநிலங்களின் நிலை என்ன என்ற கேள்வி எழும். டெல்லிக்கு உறுத்தியது அதுதான்.

இந்தியாவுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1970-71-இல் நடந்த சர்வதேச ஆய்வு ஒன்றில் இந்தியா கலந்துகொண்டு அடி வரிசையில் நின்றது. அதற்குப் பிறகு நாடு அந்த மாதிரித் தேர்வுகளின் பக்கமே நீண்டகாலம் தலைவைக்கவில்லை. 2011-க்குப் பிறகும் அதேதான் நடந்தது. 2012 சுற்றிலிருந்து இந்தியா விலகியது. கேள்விகள் நம் பிள்ளைகளின் சமூக, பண்பாட்டுச் சூழலுக்கு அந்நியமானவை என்று காரணம் சொன்னார்கள். அப்போது டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி. பின்னால் வந்த பா.ஜ.க. ஆட்சி 2019 ஜனவரியில் ஓ.இ.சி.டி.யுடன் ஒப்பந்தம் போட்டு, 2021 தேர்வில் கலந்துகொள்வதாக அறிவித்தது. இம்முறை எந்த மாநிலமும் இல்லை. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகள், சண்டிகர் யூனியன் பிரதேசம், அவ்வளவுதான். பந்தயத்துக்கு யாரை அனுப்புவது என்பதில் டெல்லி பாடம் படித்துவிட்டது என்று சொல்லலாம். கொரோனாவால் தேர்வு 2022-க்குத் தள்ளிப்போனது. இந்தியா அதையும் எழுதவில்லை.

சென்னையின் மௌனம் இன்னும் விசித்திரம். தேர்வு நடந்தது தி.மு.க. ஆட்சியில், முடிவு வந்தது அ.தி.மு.க. ஆட்சியில். நம் அரசியல் வழக்கப்படி இது கையில் கிடைத்த வெடிகுண்டு. பஸ் கட்டணத்திலிருந்து தலைமைச் செயலகக் கட்டடம் வரை எல்லாவற்றுக்கும் முந்தைய ஆட்சியைக் குற்றம் சொன்னவர்கள் இதைத் தொடவில்லை. என் ஊகம் எளிமையானது. அந்த எண்ணை எடுத்து எதிரி மேல் வீசினால், அடுத்த தேர்வில் அது திரும்பித் தங்கள் தலையில் விழும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

பலூனில் பறந்த இந்தியர்

'பண்பாட்டு அந்நியம்' என்ற வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வேறு மொழியில் யோசித்து எழுதிய நீண்ட பத்தியைத் தமிழாக்கினால், வீட்டில் பேச்சுத்தமிழும் பள்ளியில் புத்தகத்தமிழுமாக வளர்ந்த பிள்ளைக்கு அது மூன்றாவது தமிழாக நிற்கும். கேள்வித்தாளில் அட்டவணையும் வரைபடமும் விளம்பர நோட்டீஸும் வாசிப்புப் பகுதியாக வருவதும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை.

ஆனால் 2009 சுற்றின் வாசிப்புக் கேள்விகளில் ஓ.இ.சி.டி. பின்னர் வெளியிட்ட ஒன்றைப் பாருங்கள். வெப்பக்காற்று பலூனில் ஏறி 2005-இல் உயரச் சாதனை படைத்த ஒருவரைப் பற்றிய படமும் குறிப்புகளும் கொண்ட பகுதி அது. அந்த விமானி விஜய்பத் சிங்கானியா, ரேமண்ட் துணி நிறுவனத்தை நடத்திய மும்பைக்காரர். ஐரோப்பியப் பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர் அந்நியம். படத்தில் ஜம்போ ஜெட்டை ஏன் வரைந்திருக்கிறார்கள் என்ற மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தேடி எடுக்க வேண்டும், இரண்டு தகவலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று பீட்சா பற்றிய பழைய கணக்கு. ஒரே தடிமன் உள்ள இரண்டு பீட்சாக்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ளது 30 ஜெட், 40 சென்டிமீட்டர் விட்டமுள்ளது 40 ஜெட். ஜெட் என்பது யாருக்கும் சொந்தமில்லாத கற்பனைக் காசு. எது லாபம், ஏன்? பீட்சாவுக்குப் பதில் ஊத்தப்பம் என்று போட்டாலும் கணக்கு மாறாது. விட்டமும் விலையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன, பரப்பு அதைவிட வேகமாகக் கூடுகிறது. ஆகவே பெரியதுதான் லாபம்.

πr² நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 'ஆரம் 7 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பு காண்க' என்று கேட்டால் முழு மதிப்பெண். 'எதை வாங்குவாய்?' என்று கேட்டால், இது எந்தப் பாடத்தில் வரும் கேள்வி என்று தேடுவார்கள். பிசா பிடித்துக் காட்டியது பண்பாட்டு இடைவெளியை அல்ல, இந்தத் தேடலைத்தான்.

இந்தத் தேடலைப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்ளவில்லை. நம் பொதுத்தேர்வு உலகத்துக்கு என்று ஒரு சொல்லகராதியே உண்டு: புக் பேக், ஒன் வேர்டு, ப்ளூபிரிண்ட், சென்டம், மினிமம் மெட்டீரியல். பாடத்தின் பின்பக்கக் கேள்விகளுக்கு வெளியே கேள்வி வராது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்பதற்கு ப்ளூபிரிண்ட் வைத்திருந்தார்கள். வேண்டாத பாடத்தை முழுசாக விட்டுவிட்டுப் படிக்க அது வழி காட்டியது. சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டி, பாஸ் மார்க்குக்கான பத்துப் பதினைந்து கேள்விகளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றில் பன்னிரண்டு. நாமக்கல் பாணி உறைவிடப் பள்ளிகள் இதை ஒரு தொழிற்சாலை நேர்த்தியோடு செய்தன என்றால், ரிசல்ட் காட்டச் சொல்லி நெருக்கும் மாவட்டக் கல்வி அதிகாரிக்குப் பயந்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரும் அதையே கையில் எடுத்தார்.

எந்த ஆசிரியரும் சோம்பேறித்தனத்தால் இப்படிச் செய்யவில்லை. அவருடைய வேலையை அளக்க அரசு வைத்திருந்த ஒரே அளவுகோல் தேர்ச்சி சதவீதம். அதை உயர்த்த அவருக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான வழி இது.

2017-இல் இதை மாற்ற உருப்படியான ஒரு முயற்சி நடந்தது. மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது, ப்ளூபிரிண்ட் போனது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தைப் புதுப்பித்து, 2018-இலிருந்து புதுப் புத்தகங்கள் வந்தன. அந்தப் புத்தகங்கள் பலவும் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த அவசரத்துக்குக் காரணம் பிசா அல்ல, நீட். மருத்துவ சீட்டு போகிறது என்றதும் ஒரே ஆண்டில் அசைந்த இயந்திரம், ஆறில் ஐந்து பேருக்கு வாசிக்க வரவில்லை என்றபோது அசையவில்லை. நீட்டால் பாதிக்கப்படுபவர்கள் குரல் எழுப்பத் தெரிந்தவர்கள்; வாசிக்க வராத பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு அப்படி ஒரு தேர்வு நடந்ததே தெரியாது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை மறுபடி எடுத்துவிட்டது என்பது தனிக் கதை.

ஜெர்மனி என்ன செய்தது

இதே அனுபவம் வேறொரு கூட்டாட்சி நாட்டுக்கும் நேர்ந்தது. ஜெர்மனியில் கல்வி முழுக்க முழுக்க 16 மாநிலங்களின் கையில். பெர்லினுக்கு அதில் அதிகாரம் கிட்டத்தட்ட இல்லை. தங்கள் கல்விதான் உலகத்திலேயே உசத்தி என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் 2001 டிசம்பரில் வந்த முதல் பிசா முடிவைப் பார்த்து ஆடிப்போனார்கள். வாசிப்பில் 484. சராசரிக்கும் கீழே. அதைவிட அவமானமாக, பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி மிக மோசமாக இருந்த நாடுகளில் ஒன்று ஜெர்மனி என்று தெரிந்தது. பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம்பிரித்து வேறுவேறு பள்ளிக்கு அனுப்பும் அவர்கள் முறையும், ஜெர்மன் மொழி வீட்டில் பேசாத குடியேறிகளின் பிள்ளைகளும் விவாதத்தின் நடுவுக்கு வந்தார்கள். 'பிசா அதிர்ச்சி' என்பது அங்கே அகராதிச் சொல்லாகவே ஆகிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2002-இல் மாநிலங்களைத் தனித்தனியாக ஒப்பிட்டு முடிவு வெளியிட்டார்கள். பவேரியா முதலில், பிரேமென் கடைசியில். யாரும் ஒளியவில்லை, ஒளியவும் முடியவில்லை. 2003, 2004-இல் 16 மாநிலங்களின் கல்வி அமைச்சர்களும் கூடி, ஒரு பிள்ளை எந்த வகுப்பு முடிவில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று பொதுத் தரநிலைகளை ஒப்புக்கொண்டார்கள். அவை பெர்லின் எழுதி அனுப்பியவை அல்ல. மாநிலங்கள் தங்களுக்குள் பேசி எழுதியவை. அவற்றைச் சோதிக்க ஒரு பொது நிறுவனத்தையும் மாநிலங்களே சேர்ந்து நிறுவின. மத்திய அரசு தன் பங்குக்கு, மதியத்தோடு மூடிக்கொண்டிருந்த பள்ளிகளை முழுநாள் பள்ளிகளாக்க 400 கோடி யூரோ கொடுத்தது. 2012-இல் ஜெர்மனி வாசிப்பில் 508, கணிதத்தில் 514.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் 2022 தேர்வில் ஜெர்மனி கணிதத்தில் 475-க்கு இறங்கியது, வாசிப்பில் 480-க்கு. பிசாவில் அந்த நாடு எடுத்த மிகக் குறைந்த புள்ளிகள் அவை. கொரோனா பாதிக் காரணம். ஆசிரியர் பற்றாக்குறையும் மொழி தெரியாமல் வரும் புதுப் பிள்ளைகளும் மீதி. தரநிலை எழுதிவைத்தால் பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா இன்னொரு பாதையில் போய் முட்டிக்கொண்டது. 2009-இல் மாநில ஆளுநர்களும் மாநிலக் கல்வித் தலைவர்களும் சேர்ந்து 'காமன் கோர்' என்ற பொதுத் தரநிலைகளைத் தொடங்கினார்கள். மாநிலங்களின் முயற்சி என்ற அளவில் அது ஜெர்மனி மாதிரிதான். ஆனால் ஒபாமா அரசு 435 கோடி டாலர் போட்டி நிதியை அறிவித்து, இந்த மாதிரித் தரநிலைகளை ஏற்கும் மாநிலங்களுக்கு அதில் கூடுதல் மதிப்பெண் என்றது. ஷாங்காய் முதலிடம் பிடித்த 2010 டிசம்பர் பிசா முடிவு அதற்கு வசதியான பின்னணி இசை ஆனது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தன. நான்கைந்து ஆண்டுக்குள், வாஷிங்டன் நம் வகுப்பறைக்குள் நுழைகிறது என்று வலதுசாரிகளும், தேர்வை வைத்து ஆசிரியரை மிரட்டுகிறார்கள் என்று சங்கங்களும், பிள்ளையின் கணக்கு வீட்டுப்பாடம் புரியாத பெற்றோர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 2014-இல் இண்டியானா முதலில் வெளியேறியது. 2015 டிசம்பரில் வந்த கல்விச் சட்டம், மாநிலங்கள் மேல் எந்தத் தரநிலையையும் மத்திய அரசு திணிக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. காமன் கோர் கெட்டுப்போனது அதன் கணிதத்தால் அல்ல, அதோடு கட்டிய காசால்.

ரூ. 2,152 கோடி

இதைப் படிக்கும்போது நமக்கு எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறது அல்லவா. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்தது. அன்று தொடங்கிய இழுபறி அரை நூற்றாண்டாக முடியவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, எல்லா வாரியங்களுக்கும் பொதுவான மதிப்பீட்டு நெறிகளை வகுக்க 'பரக்' என்ற மையத்தை முன்வைத்தது. 3, 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்வு என்றது. மும்மொழி என்றது. தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்தக் கொள்கையோடு கட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்ததால், 2024-25-க்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி ரூ. 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. விவகாரம் 2025-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நிதியை நிறுத்தியது அப்பட்டமான தவறு. கொள்கையை ஏற்காத மாநிலத்துக்குப் பாடம் புகட்ட ஆசிரியர் சம்பளத்திலும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான உதவியிலும் கைவைப்பது எந்தத் தரத்தை உயர்த்தும்? அமெரிக்கா காசை ஆசை காட்டிக் கெடுத்தது. நாம் காசைப் பறித்துக் கெடுக்கிறோம். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசியத் தரம், பாரதிய மரபு என்றெல்லாம் முழங்கிய 'பரக்' மையம், அதன் மதிப்பீட்டு வேலைக்குத் துணையாகத் தேர்ந்தெடுத்தது அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனத்தை. டோஃபல், ஜி.ஆர்.ஈ. நடத்துகிற அதே நிறுவனம்தான். பிசா அந்நியம், இ.டி.எஸ். நம்மூர் என்பது ரசிக்கத்தக்க தர்க்கம்.

ஆனால் இந்தச் சண்டையில் சென்னை பிடித்திருக்கும் இடம் சட்டப்படி சரி என்பதால், அதன் வகுப்பறையும் சரி என்று ஆகிவிடாது. எண்களை இரண்டு தரப்பும் எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். நிதி ஆயோக் 2019-இல் வெளியிட்ட பள்ளிக் கல்வித் தரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு கேரளாவுக்கு அடுத்து இரண்டாமிடம். மத்திய அரசின் இன்னொரு தரவரிசையில் 2019-20-க்கு மிக உயர்ந்த நிலை. உயர்கல்விக்குப் போகிறவர்கள் விகிதம் 2021-22-இல் 47 சதவீதம், தேசிய சராசரி 28. இந்த எண்கள் மேடைதோறும் பேசப்பட்டன, பேசப்பட வேண்டியவைதான். 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பு 95.03. இவையும் மேடைக்கு வந்தன.

பிரதம் நிறுவனம் ஊரகக் குடும்பங்களில் நடத்தும் ஏசர் கணக்கெடுப்பு மேடைக்கு வராது. அதன்படி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 4.8, 2024-இல் 12. இந்த எண் வந்தால் ஆளும் தரப்பு கணக்கெடுப்பின் முறையைக் கேள்வி கேட்கும். எதிர்த்தரப்பும் ஆளுநர் மாளிகையும் அதே எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, திராவிட மாடல் தோற்றது என்று சொல்லும். நாளை ஆட்சி மாறினால் வசனங்களும் இடம் மாறும். டெல்லியும் விதிவிலக்கல்ல. ஏசர் தமிழ்நாட்டுக்கு எதிராக வரும்போது அங்கே இனிக்கிறது. நாட்டுக்கே எதிராக பிசா வந்தபோது கசந்தது.

ஏசருக்குக் குறைகள் உண்டு. வீட்டு வாசலில் ஒரு தன்னார்வலர் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் அளவு அது. பிசாவுக்கும் உண்டு. 2014-இல் பல நாட்டுக் கல்வியாளர்கள் சேர்ந்து, இந்தத் தேர்வு உலகத்தின் பள்ளிகளை ஒரே அச்சில் வார்க்கிறது என்று ஓ.இ.சி.டி.க்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஷாங்காயின் 600-க்குப் பின்னால், வெளியூர்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்கு முன்பே நகரத்தை விட்டு வெளியேற வேண்டிய குடிப்பதிவு முறை இருக்கிறது. நம்மைப் போன்ற ஏழை நாடான வியட்நாம் 2012-இல் கணிதத்தில் 511 எடுத்து அமெரிக்காவைத் தாண்டியபோதும், 15 வயதில் பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை என்றார்கள். சரியான ஆட்சேபணைகள். எல்லாவற்றையும் கழித்துக்கொண்டாலும், 17 சதவீதம் என்பது 70 ஆகிவிடாது.

அரசுக்கு இது தெரியாமலும் இல்லை. ஏசரை மறுத்துக்கொண்டே, 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கினார்கள். 2025 தொடக்கத்தில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அளவில் அடைவுத் தேர்வு வைத்தார்கள். அதே ஆண்டு, 6 முதல் 9 வரை அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களுக்காக 'திறன்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அடிப்படை வாசிப்பு சொல்லித்தர ஒரு திட்டம் தேவைப்படுகிறது என்பதே ஒரு ஒப்புதல்தான். வாயால் சொல்லாததை அரசாணையால் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் திட்டங்களில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பதிவேற்றுவதற்கே நேரம் போய்விடுகிறது என்று புலம்பும் ஆசிரியரிடம், மேலும் ஒரு தேர்வும் மேலும் ஒரு பதிவேடும் போய்ச் சேர்ந்தால், அவர் அதையும் ரிசல்ட் காட்டும் வேலையாகத்தான் முடித்துக் கொடுப்பார்.

முதலில் மாற வேண்டியது பொதுத்தேர்வுக் கேள்வித்தாள். அதில் தமிழ்நாட்டுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. புக் பேக்கில் இல்லாத, பக்கத்தைப் படித்தால் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் பத்து மதிப்பெண்ணுக்கு வரும் என்று மூன்று ஆண்டு முன்னதாகவே அறிவித்தால் போதும். அதற்கான பயிற்சி ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கிவிடும். டியூஷன் சென்டர்கள்கூட மாறிக்கொள்ளும். தேர்ச்சி விகிதம் முதல் ஆண்டில் சரியும். அந்தச் சரிவை எதிர்க்கட்சி பிடித்து உலுக்கும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடும் அமைச்சர் யார் என்பதுதான் சிக்கல். பாடத்திட்டத்துக்காக மோதிக்கொண்ட இரண்டு கட்சிகளும், கேள்வித்தாள் விஷயத்தில் ஒருவரை ஒருவர் அடிப்பதில்லை என்று வாய்ச்சொல் அளவிலாவது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியில் எதிரெதிர்க் கட்சிகள் ஆண்ட மாநிலங்களின் அமைச்சர்களால் ஒரே மேசையில் உட்கார முடிந்தது.

தமிழ்நாடு தன் பெயரில் மறுபடி பிசா எழுத வேண்டுமானால் டெல்லி சம்மதிக்க வேண்டும். அது இப்போதைக்கு நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆனால் பலூனும் பீட்சாவும் உள்ளிட்ட பழைய பிசா கேள்விகள் பலவற்றை ஓ.இ.சி.டி. பொதுவில் வெளியிட்டிருக்கிறது. அவற்றைத் தமிழாக்கி, சில நூறு பள்ளிகளின் பத்தாம் வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம். செலவு, மொழிபெயர்ப்பாளர்களின் சம்பளமும் ஜெராக்ஸ் காசும்தான்.